தொட்டிக் காலுக்குப் போதிய வெளிச்சம் இல்லை

பொன்னாந்திட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது காலில் வெடிப்பு விட்டிருக்கிறது என்பது அந்த ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். வருஷக் கணக்காக அந்தக் காலில்தான் அவை காலைத் தூக்கிக்கொண்டிருந்தன. இப்போது நான்காவது காலுக்கு மாறிவிட்டன. நாய்க்கு இருக்கிற உயிர்ப்பயம் மனுஷனுக்கு இருக்காதா? பாக்யராஜுக்கு இருந்தது. ஏனென்றால் அந்த மூன்றாவது காலை ஒட்டினாற்போலத்தான் அவன் வீடு.

உறுவையாற்றைத் தாண்டித் தெற்கே போனால் பொன்னாந்திட்டு வரும். தொட்டி இரும்பு, நாலு காலும் இரும்பு, காலையும் குறுக்குச் சட்டத்தையும் வெல்டிங் வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது காலில், சரியாக ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில், அந்த வெல்டிங் பிளந்துகொண்டது. பொங்கல் சமயத்தில் நகம் நுழைகிற அளவு இருந்தது. சித்திரை பிறந்தபோது விளக்குமாற்று ஈர்க்குச்சி தாராளமாக உள்ளே போய் வந்தது.

பாக்யராஜ் ‘மாதா ரேடியோஸ்’ வைத்திருக்கிறான். பேர்தான் ரேடியோஸ், கடையில் ஒரு ரேடியோ கிடையாது. பந்தல், குழல் விளக்கு, சீரியல் செட், குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆள் உயரத்துக்குப் பல்பாலேயே மாதா படம் போட்ட பலகை ஒன்று. வில்லியனூர்ப் பக்கம் கல்யாணமோ காது குத்தலோ கருமாதியோ எது நடந்தாலும் வெளிச்சம் அவனுடையது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற அந்த மனுஷன் வெளிச்சம் இல்லாமல் அலைந்த கதைதான் இது. கேட்டால் சிரிப்பு வரும். அவனுக்கு வரவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை. மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. மூன்றாவது கால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. தோசை வார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஆரோக்கியசெல்வி அடுப்பை அணைத்தாள். தோசைக் கரண்டியைக் கழுவி மாட்டினாள். மகளுக்கு ரெட்டை ஜடை பின்னிவிட்டு, துணிமணியைப் பையில் திணித்தாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றான் பாக்யராஜ்.

“எங்கம்மா வூட்டுக்கு. அந்த வெடிப்ப மூடிட்டு போன் பண்ணு, வரேன். இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மூடல, பாப்பாவ கரியமாணிக்கத்துலயே சேத்துடுவேன். அப்பறம் நீயாச்சு, உன் தொட்டியாச்சு.”

சொன்னபடி செய்கிறவள் அவள். அன்றைக்கே கரியமாணிக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று ஊர் பேசிக்கொண்டது. பாக்யராஜ் ஒவ்வொருவரையும் நிறுத்தி, “சண்ட எல்லாம் இல்லப்பா, டேங்க் காலு வெடிச்சிருக்குது, அதான்” என்று விளக்கினான். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே, “பொம்பளகிட்ட கொஞ்சம் விட்டுக்குடுத்து போப்பா” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலுக்குக்கூட ஒருத்தன் நம்பவில்லை.

பக்கத்துத் தெரு அன்புராஜ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் வந்து பார்த்துவிட்டு, “அரை மணி நேர வேலடா. தொட்டிய காலி பண்ணிட்டு சொல்லு, வெச்சுடறேன்” என்றான். பாக்யராஜ் இயல்பிலேயே சட்டத்துக்குப் பயந்தவன். ஆளில்லாத சாலையில் வண்டி ஓட்டினாலும் திரும்புவதற்குக் கை காட்டுவான். “கவருமெண்டு தொட்டிடா அது. மொறையா எழுதிக் குடுத்து செய்வோம்” என்றான். அங்கே ஆரம்பித்தது சனி.

தொட்டிக்குப் பொறுப்பான ஆபீசில் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, ‘உலோகக் கட்டமைப்புக் கண்ணுறு ஆய்வு வாரியம்’ சான்று கொடுத்தால்தான் காலைத் தொட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு வாரியம் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. ஒரு பொருளை உடைக்காமல், அறுக்காமல், ஓட்டை போடாமல், வெறும் கண்ணால் பார்த்தே குறை கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கல்யாண வீடுகளில் சம்பந்திமார்கள் சம்பளம் வாங்காமல் செய்வதை இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். சம்பந்திமார்களாவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

தலைமைக் கண்ணுறு ஆய்வாளர் பக்கிரிசாமி ஜன்னலெல்லாம் திரை போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். பாக்யராஜ் மனுவோடு செல்போனில் எடுத்த படத்தையும் காட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“படத்த எல்லாம் காட்டாதப்பா. அது படத்துல இருக்கற வெடிப்பு. எனக்கு கால்ல இருக்கறதுதான் வேணும்.”

“கால்லயும் இருக்குது சார்.”

“நீ பாத்தியா?”

“தெனம் பாக்கறேன் சார்.”

“எவ்ளோ வெளிச்சத்துல?”

பாக்யராஜுக்குக் கேள்வி புரியவில்லை. “பகல்ல சார்,” என்றான்.

பக்கிரிசாமி பெருமூச்சு விட்டார். படிக்காத ஜனங்களோடு பல வருஷம் மல்லுக்கட்டிய மனுஷரின் பெருமூச்சு. “பகல்ன்றது வெளிச்சம் இல்லப்பா. பகல்ன்றது நேரம்.”

பிறகு பொறுமையாக விளக்கினார். வெளிச்சத்துக்கு லக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. பார்க்கிற இடத்தில் ஐந்நூறு லக்ஸுக்குக் குறையக் கூடாது. பார்க்கிறவன் கண் இரண்டடிக்குள் இருக்க வேண்டும். ரொம்பச் சாய்ந்து பார்க்கக் கூடாது. இத்தனையும் இருந்து பார்த்தால்தான் அது பார்வை. மற்றதெல்லாம் சும்மா கண் திறந்திருப்பது.

“அதுவுமில்லாம, அத வெடிப்புன்னு சொல்றதுக்கு நீ யாரு? நாங்களே சொல்ல மாட்டோம். மொதல்ல அது ஒரு ‘தென்படுதல்’. தென்பட்டத ஆராஞ்சு முடிவு பண்ணாதான் வெடிப்பு. தென்படவே இல்லன்னா ஒண்ணுமில்ல.”

அப்புறம் பாக்யராஜுக்குக் கண் பரிசோதனை நடந்தது. பார்த்ததாகச் சொல்கிறவன் பார்க்கக்கூடியவன்தானா என்று வாரியத்துக்குத் தெரிய வேண்டுமாம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்துவிட்டான். பக்கிரிசாமி அட்டையை வாங்கி, அந்தக் கடைசி வரியைக் கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் பார்த்து, “சரியாத்தான் இருக்கும்” என்றார்.

முதல் ஆய்வு அடுத்த வாரம் உச்சிப்பொழுதில் நடந்தது. அக்கினி நட்சத்திர வெயில். ஜீப்பிலிருந்து பக்கிரிசாமி இறங்கினார், கூடவே உதவி ஆய்வாளர் நிவேதா. வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண். கையில் வெல்வெட் பெட்டி, அதற்குள் வெளிச்சம் அளக்கிற மீட்டர். நகைக்கடைக்காரர் அட்டிகையை எடுப்பது போல அதை எடுத்துத் தொட்டிக் காலில் வைத்தாள்.

பக்கிரிசாமி காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “ஏன் சார் திரும்பிக்கினீங்க?” என்று பாக்யராஜ் கேட்டான்.

“வெளிச்சம் உறுதி ஆகறதுக்கு முன்னாடி தெரியாத்தனமா பாத்துட்டேன்னு வெச்சுக்க. பாத்தத அப்பறம் எப்படி பாக்காம ஆக்கறது?”

மீட்டரில் அளவு எதுவும் வரவில்லை. இடது மூலையில் வெறும் ‘1’ மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“ஓவர்லோடு சார்,” என்றாள் நிவேதா. “இது ரூமுக்குள்ள அளக்கற மீட்டரு. இந்த வெயில அதால அளக்க முடியல.”

“அளக்க முடியலன்னா எவ்ளோன்னு எழுதுவ?”

“எழுத முடியாது சார்.”

“ஆக, வெளிச்சம் பதிவாகல.” முதுகைக் காட்டியபடியே தீர்ப்புச் சொன்னார் பக்கிரிசாமி. அவர் வழுக்கையில் வெயில் கண்ணாடியில் பட்டது போலத் தெறித்தது. “போதிய வெளிச்சம் இல்லாததால் ஆய்வு ஒத்திவைப்பு. எழுதிக்கம்மா.”

“சார், வெயிலு மண்டய பொளக்குது சார்,” என்றான் பாக்யராஜ், பரிதாபமாக.

“அது சூடு. அதுக்கு வேற வாரியம் இருக்குது.”

போவதற்கு முன் காலில் ஒரு தகரப் பலகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ‘ஆய்வில் உள்ளது. தொடுவது குற்றம்.’ அதைக் கட்டிய ஆள் கம்பி நுழைக்கத் தோதாக இருக்கிறதே என்று வெடிப்பிலேயே கம்பியை நுழைத்துக் கட்டினான். அவன் வாரியத்தின் கடைநிலை ஊழியன். எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இரண்டாவது முறை சாயங்காலம் வந்தார்கள். வானத்தில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் எண் வந்துவிட்டது. பாக்யராஜ் மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். ஆனால் மேகம் வந்தால் எண் இறங்கியது, விலகினால் ஏறியது. நிவேதா எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். முதுகைக் காட்டியபடியே பக்கிரிசாமி எரிச்சலானார்.

“இந்த வெளிச்சத்த யாரு குடுக்கறது?”

“சூரியன் சார்,” என்றாள் நிவேதா.

“அதுக்கு அளவு சரிபாத்த சான்று இருக்குதா?”

நிவேதா யோசித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, உண்மையிலேயே யோசிக்கிறாளா என்று பாக்யராஜுக்குத் தெரியவில்லை. “இல்ல சார்.”

“அப்ப அத நம்பி எப்படி கையெழுத்து போடறது? நாளைக்கு எவனாச்சும் கேஸ் போட்டா சூரியனா கோர்ட்டுக்கு வரும்?” பக்கிரிசாமி பாக்யராஜின் வீட்டைப் பார்த்தார். வாசலில் அடுக்கியிருந்த பந்தல் சாமான்களைப் பார்த்தார். அவற்றைப் பார்க்க மட்டும் எந்த லக்ஸும் தேவைப்படவில்லை. “ரேடியோ செட்டுதான நீ? ஒண்ணு பண்ணு. காலச் சுத்தி கருப்புத் தார்ப்பாய் போட்டு வெயில் வராம அடைச்சுடு. உள்ள உன் லைட்ட கட்டு. நம்ம கையில இருக்கற வெளிச்சம்தான் நமக்கு வெளிச்சம்.”

ஆக, வெளிச்சம் போதவில்லை என்று வெளிச்சத்தை அடைக்கிற வேலை ஆரம்பமானது. பாக்யராஜ் இரண்டு கல்யாணத்துக்கு வாங்கியிருந்த அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தான். தொட்டிக் காலைச் சுற்றிப் பந்தக்கால் நட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டினான். உள்ளே குழல் விளக்கு மட்டும் போட்டால் மீட்டருக்குக் கட்டுப்படியாகாது என்று நிவேதா போனில் சொன்னதால், போட்டோக்காரர்கள் பிடிக்கிற போகஸ் லைட்டு, சீரியல் செட்டு, கடைசியில் பல்பு மாதாவையும் கொண்டுவந்து நிறுத்தினான். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்த ஈயெல்லாம் வெளியே ஓடியது.

மூன்றாவது ஆய்வுக்கு வந்த பக்கிரிசாமி பந்தலைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், முக்கியமாக மைக்கைப் பார்த்தார். ரேடியோ செட்டு என்றால் மைக்கும் கூடவே வரும்தானே. வேடிக்கை பார்க்க ஊரும் கூடியிருந்தது. மைக்கையும் ஜனத்தையும் ஒரே இடத்தில் கண்டுவிட்டுச் சும்மா போகிற அதிகாரி இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்று ஆரம்பித்தார். “எங்கள் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, நாங்கள் ஆய்வு செய்த எந்தக் கட்டமைப்பிலும் ஒரு குறையைக்கூட நாங்கள் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மற்ற ஊர்களில் எல்லாம் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். அவசரக்காரர்கள். நாங்கள் அப்படியல்ல. தவறான வெளிச்சத்தில் சரியாகப் பார்ப்பதைவிட, சரியான வெளிச்சத்தில் பார்க்காமல் இருப்பதே மேல் என்பது எங்கள் கொள்கை. சென்ற ஆண்டு ஒரு பாலம் விழுந்தது. எங்கள் மீது யாராவது விரல் நீட்ட முடிந்ததா? முடியாது. ஏனென்றால் அந்தப் பாலத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை.”

ஊர் கைதட்டியது. மைக்கில் யார் நிறுத்தினாலும் கைதட்டுவது அங்கே வழக்கம்.

பிறகு உள்ளே போனார்கள். வெயிலிலிருந்து வந்த கண் பந்தலுக்குள் பழக வேண்டுமாம், அதற்கும் விதி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இருட்டு, பெடஸ்டல் பேன் காற்று, வரும்போது சாப்பிட்ட பிரியாணி. பக்கிரிசாமியின் கண் வெகு நன்றாகப் பழகிவிட்டது. குறட்டைச் சத்தம் மைக்கில் ஏறி உறுவையாறு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். எழுப்புவதற்கு விதியில் இடமில்லை என்று நிவேதா கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவரே எழுந்ததும் விளக்கைப் போட்டார்கள். மீட்டர் ஐந்நூறைத் தாண்டி நின்றது, அசையவில்லை. பக்கிரிசாமி முதன்முறையாகத் தொட்டிக் காலின் பக்கம் திரும்பி, கண்ணைக் கையால் பொத்தியபடி நடந்து, இரண்டடிக்குள் தலையைக் கொண்டுபோனார்.

“சார், முந்நூறு,” என்றாள் நிவேதா.

அவர் தலையைப் பின்னால் இழுத்தார்.

“ஐந்நூத்தி இருவது.”

மறுபடி குனிந்தார். “முந்நூறு சார். உங்க தல நிழல் விழுது.”

குனிந்தார், நிமிர்ந்தார், இடப்பக்கம் வந்தார், வலப்பக்கம் வந்தார், உட்கார்ந்து பார்த்தார். தார்ப்பாய் இடுக்கு வழியாக வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, தொட்டிக் காலைச் சுற்றி ஒருத்தர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆடுவது மட்டும் தெரிந்தது. ஆள் பார்க்காதவரைக்கும் வெளிச்சம் போதும். பார்க்கப் போனால் போதாது. கடைசியில் மூச்சு வாங்கியபடி நாற்காலியில் விழுந்தார் பக்கிரிசாமி.

“தலைய சுத்தி மாட்டற வளைய லைட்டு ஒண்ணு தலைமை ஆபீசுல கேட்டு எழுதறேன். அதுவரைக்கும் பந்தல பிரிக்காத.”

“எப்ப சார் வரும்?”

“அது அவங்க பார்வைல படணும்.”

அன்றைக்கு பாக்யராஜ் கரியமாணிக்கத்துக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். ஆரோக்கியசெல்வி முழுவதும் கேட்டுவிட்டு, “குடிச்சிருக்கியா?” என்றாள். இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். “பாப்பாவுக்கு இங்க இஸ்கூல்ல அப்ளிகேசன் வாங்கிட்டேன். திங்கக்கெழம குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சின்ன ஷூ வாசலில் அப்படியே கிடந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

பந்தல் சும்மா நின்றதில் வந்தது அடுத்த வினை. ஒரு வெளிச்சப் பந்தல், உள்ளே பல்பு மாதா, கருப்புத் துணிக்குள்ளே ஒருத்தர் கண்ணை மூடி ஆடினார், மைக்கில் என்னவோ பேசினார். அடுத்த ஊர்க்காரன் இதை எப்படிப் புரிந்துகொள்வான்? பொன்னாந்திட்டுத் தொட்டிக் காலில் மாதா தெரிகிறாராம் என்று கிளம்பிவிட்டது. பாகூரிலிருந்து ஒரு வேன் வந்தது. உள்ளூர் ஆரோக்கியமாதா தெருப் பெண்கள் மெழுகுவத்தியோடு வந்தார்கள். மாதா என்றால் அவர் எங்களுக்கும் அம்மாதானே என்று மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து வள்ளிநாயகி தலைமையில் ஒரு கூட்டம் வந்தது. வள்ளிநாயகி மளிகைக்கடை வைத்திருக்கிறவள். எந்தச் சாமியாக இருந்தாலும் வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் செக்கச் செவேலென்று ஆரத்தித் தண்ணீர் கொண்டுவந்து, சுற்றிவிட்டு, காலிலேயே ஊற்றினாள். அவள் ஊற்றியதைப் பார்த்து அத்தனை பேரும் ஊற்றினார்கள்.

“யக்கா, தொடாதீங்க, குத்தம்னு போர்டு இருக்குது,” என்றான் பாக்யராஜ்.

“நான் எங்கடா தொட்டேன்? தண்ணிதான் தொட்டுச்சு,” என்றாள் வள்ளிநாயகி.

மாதா இடம் இப்படிச் சிவப்பாக வழிந்து கிடக்கிறதே என்று மெழுகுவத்திப் பெண்கள் துணி கொண்டுவந்து சுத்தமாகத் துடைத்தார்கள். துடைத்த பிறகு துரு தெரிந்தது. சாமி வந்த இடம் துருப்பிடித்துக் கிடக்கலாமா என்று இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து பொடிச் சுண்ணாம்பைக் குழைத்து மெல்லிசாக வெள்ளை பூசிவிட்டார்கள். வருஷக்கணக்காகத் தெருக்குழாய்க்குச் சண்டை போட்ட இரண்டு தெருக்கள் அவை.

மறுநாள் காலையில் பாக்யராஜ் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தான். வெடிப்புக்குள் இறங்கித் தங்கியிருந்த ஆரத்தித் தண்ணீர் வெள்ளைப் பூச்சு வழியே ஊறி வெளியே வந்திருந்தது. பாலாடை போன்ற வெள்ளையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. கோணல்மாணலாக, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வாத்தியார் பலகையில் வரைந்து காட்டின மாதிரி. ஓடிப்போய் நிவேதாவுக்குப் போன் பண்ணினான்.

பக்கிரிசாமி வந்து இறங்கினார். இந்த முறை கண்ணைப் பொத்துவதற்கு அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட, சிவப்புக் கோடு நேரே கண்ணில் அடித்தது. பாக்யராஜ் கும்பிட்டான்.

“இப்ப பாத்துட்டீங்க இல்ல சார்?”

பக்கிரிசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எத பாத்தேன்? சாயத்த பாத்தேன். சாயத்த உள்ள விட்டு, தொடைச்சு, வெள்ளை அடிச்சு கண்டுபுடிக்கறது வேற முறைப்பா. ஊடுருவு சாய முறை. நாங்க கண்ணுறு முறை. சாயம் எங்க வாரியத்துல வராது.”

“அந்த வாரியம் எங்க சார் இருக்குது?”

“அது இன்னும் ஆரம்பிக்கல.”

பக்கிரிசாமி குரலை உயர்த்தினார். “எழுதிக்கம்மா நிவேதா. நாளது தேதி வரையில் மேற்படி காலில் கண்ணுறத்தக்கதாக எதுவும் இல்லை.”

“எதுவுமே இல்லையா சார்?” என்றான் பாக்யராஜ்.

“எதுவுமே இல்ல.”

“எல்லார் முன்னாடியும் இன்னொரு தபா சொல்லுங்க சார்.”

பக்கிரிசாமி மைக்கில் சொன்னார். அவரால் மைக்கை மறுக்க முடியாது.

ஜீப் போன பிறகு மோட்டார்க்காரன் வழக்கம்போல் தண்ணீர் ஏற்றினான். கால் ‘கிர்ர்’ என்று இழுத்து, ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. சாமி கும்பிட வந்தவர்கள் இரண்டு தெருப் பக்கமும் சிதறி ஓடினார்கள். பாக்யராஜ் ஓடவில்லை. வாசலில் கிடந்த மகளின் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மண்டைக்குள் ஒரு சின்ன விஷயம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. நேராக மோட்டார் ரூமுக்குப் போய் மோட்டாரை நிறுத்தினான், தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டான். அப்புறம் அன்புராஜ் பட்டறைக்குப் போனான்.

“மிஷின எடுத்துக்கினு வாடா.”

“போர்டு இருக்குதேடா. குத்தம்னு நீதான சொன்ன.”

“கால்ல எதுவுமே இல்லன்னு மைக்குல சொல்லிட்டாரு. ஊரே கேட்டுச்சு. எதுவுமே இல்லாத எடத்துல நாம எத மூடினா அவருக்கு இன்னா?”

அன்புராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் பாக்யராஜ் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டான்.

பட்டப்பகலில் வேலை நடந்தது. சுண்ணாம்பைச் சுரண்டி, சிவப்புக் கோடு போன வழியெல்லாம் அரைத்து எடுத்துவிட்டு, அடியிலிருந்து வெல்டிங்கை நிறைத்துக்கொண்டு வந்தான் அன்புராஜ். கோடு ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் துல்லியமாகத் தெரிந்ததால் வேலை சுலபமாகப் போயிற்று. பொறி பறந்தபோது பந்தலுக்குள் எழுந்த வெளிச்சத்தில் வாரியத்தின் மீட்டர் மட்டும் இருந்திருந்தால் வெந்து போயிருக்கும். தகரப் பலகையை அவிழ்த்து, அழுக்குத் துடைத்து, மறுபடி அதே காலில் கொஞ்சம் மேலே கட்டிவிட்டார்கள். அரசாங்கச் சொத்து இல்லையா.

தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். கால் மூச்சுவிடவில்லை. பாக்யராஜ் போன் போட்டான்.

“மூடியாச்சு,” என்றான்.

“சத்தியமா?”

“வந்து பாரு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியசெல்வி மகளோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தொட்டிக் காலிடம் போய், விரலால் வெல்டிங்கைத் தடவி, நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, “மாவு இருக்குதா, எல்லாத்தையும் புளிக்க விட்டியா?” என்றாள். பாக்யராஜுக்கு அந்தக் கேள்வி அத்தனை இனிப்பாக இருந்தது.

அடுத்த வாரம் வாரியத்து ஜீப் வந்தது. தலைமை ஆபீசிலிருந்து வளைய விளக்கு வந்துவிட்டது. பக்கிரிசாமி அதைத் தலையில் மாட்டிக்கொண்டே இறங்கினார். பந்தல் இல்லை. மடுகரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. வெட்டவெளி, மறுபடி அதே உச்சி வெயில். மூன்றாவது காலில் புது வெல்டிங் வெள்ளிக்காசு போல மின்னியது. முதுகைத் திருப்ப மறந்துபோனார்.

“யாருய்யா இத பண்ணது?”

ஆரோக்கியசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாக்யராஜ் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மரியாதையாகக் கிட்டே வந்தான்.

“எதுனா பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்யா. வெல்டிங் வெச்சிருக்க.”

“எவ்ளோ வெளிச்சத்துல சார்?”

“பட்டப்பகல்ல, கண்ணு முன்னாடி இருக்குது.”

“பகல்ன்றது நேரம் சார்,” என்றான் பாக்யராஜ்.

பக்கிரிசாமி நிவேதாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வெல்வெட் பெட்டியைத் திறந்து, மீட்டரை எடுத்து, வெல்டிங் மேலே பயபக்தியோடு வைத்திருந்தாள்.

“ஓவர்லோடு சார். வெளிச்சம் பதிவாகல.” பேனாவைத் திறந்தாள். “போன தபா மாதிரியே எழுதிக்கட்டுமா சார்? எதுவும் இல்லைன்னு?”

தலையில் வளைய விளக்கு எரிந்துகொண்டிருக்க, பக்கிரிசாமி வெயிலில் வெகுநேரம் நின்றார். விதி அவர் எழுதியது. அவர் மைக்கில் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. “எழுதிக்க,” என்றார்.

கையெழுத்துப் போட்டார். ஜீப் வரைக்கும் போனார். என்ன தோன்றியதோ, திரும்பி வந்தார். விளக்கைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, தலை நிழல் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டடிக்கும் உள்ளே போய் அந்த வெல்டிங்கைப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவினார். வாரியத்தில் சேருவதற்கு முன் அவரும் ஒரு காலத்தில் இந்த வேலையைக் கற்றவர்தான் போலிருக்கிறது. முகம் கொஞ்சம் இளகியது.

“பிசிறு இல்லாம வெச்சிருக்கான்யா,” என்றார் தாழ்ந்த குரலில். “யாரு கை இது?”

பாக்யராஜ் அந்தக் காலை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தான். பிறகு மிகவும் பணிவாக அவர் பக்கம் திரும்பினான்.

“எத சார் சொல்றீங்க?”